இரண்டாம் படி: வீட்டுக் கணிப்பொறிகள் இரண்டை இணைத்துக் கோப்புகளைக் காத்தல்

தென்காசி விசுவநாதர் கோயிலுக்குச் செல்வோர் அங்குள்ள கல்வெட்டுகளைக் காணாமல் திரும்புவதில்லை. அக்கோயில் 15-ஆம் நூற்றாண்டில் அரிகேசரி பராக்கிரம பாண்டியனால் எழுப்பப் பெற்றது. அவன் கல்லில் வெட்டுவித்த எழுத்துகளை 500 ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் படித்து வருகிறோம். ஆனால், அதே தென்காசிப் பாண்டியர் மரபினர் தொகுத்து வைத்திருந்த ஏட்டுச் சுவடிகள் என்னவாயின? நம் மாவட்டத்துக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் அச்சுவடிகள் இருப்பதாகக் கேள்வியுற்று டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவலுடன் அங்கே சென்றார். சிதைந்து குப்பையாகக் கிடந்த ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அவருக்கு விடை கிடைத்தது. ‘என் சரித்திரம்’ படித்தோர் இந்நிகழ்ச்சியை எளிதில் மறவார். அத்தீயில் எந்தெந்த நூல்கள் போயின என்பதை இனி எவரும் சொல்ல இயலாது.

கல்லுக்குப் படி எடுக்க வேண்டுவதில்லை. ஓலைக்கு எடுத்தே ஆக வேண்டும். பூச்சி அரிக்கும், ஈரம் மக்கச் செய்யும் என்பதை அறிந்த நம் முன்னோர் தலைமுறைக்கு ஒரு முறையேனும் ஏட்டைப் புதிய ஓலையில் பெயர்த்து எழுதினர். அவ்வாறு பெயர்த்து எழுதப்பட்டவையே இன்று நம் கையில் இருக்கும் சங்க நூல்கள். இன்று நம் வீடுகளில் உள்ள கணிப்பொறியின் வன்தட்டு கல்லின் இனத்தைச் சேர்ந்ததா, ஓலையின் இனத்தைச் சேர்ந்ததா? ஐயமின்றி ஓலையின் இனமே. ஓலையேனும் நூறாண்டு, இருநூறாண்டு தாங்கும். சுழலும் தட்டுகளைக் கொண்ட வன்தட்டு சில ஆண்டுகளிலேயே நின்றுபோகக் கூடும்; என்று நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வதும் அரிது.

இதனை நான் நூலில் படித்து அறிந்து கொள்ளவில்லை. தமிழ்த்துறை மாணவியான என் தோழி ஒருவர் களப்பணிக்காகத் தம் ஆச்சி பாடிய தாலாட்டுகளையும் நடவுப் பாட்டுகளையும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஒலிப்பதிவு செய்தார். பதிவுகள் யாவும் ஒரே மடிக்கணினியில் இருந்தன. ஆவணி மாதத்தில் ஆச்சி காலமானார். அடுத்த மாதம் அந்த மடிக்கணினியின் வன்தட்டு ‘டக், டக்’ என்று ஒலித்து நின்றுவிட்டது. பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றோம். அவர் தட்டைக் காதருகில் வைத்துக் கேட்டுவிட்டு, “வேற எங்கயாவது காப்பி இருக்கா தாயி?” என்று மட்டுமே கேட்டார். வேறெங்கும் இல்லை. தோழியார் தம் சித்திக்கு அலைபேசி வழியே அனுப்பியிருந்த இரண்டு நிமிடத் தாலாட்டு ஒன்று மட்டும் எஞ்சியது. பிறருக்குக் கொடுத்தது பிழைத்தது; தம்மிடமே வைத்திருந்தது போயிற்று.

அத்தோழியார் வீட்டுப் பரணில் வேறொரு மடிக்கணினி உறையிட்டு வைக்கப்பட்டிருந்தது என்பதே இதில் வருந்தத்தக்கது. இரண்டையும் இணைக்கும் கம்பியின் விலை இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். அக்கம்பியைக் கொண்டு வீட்டிலுள்ள இரு கணிப்பொறிகளை இணைத்துக் கோப்புகளுக்கு இரண்டாம் படி எடுக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணிப்பொறி அறிவியல் பயிலாத நண்பர்களும் செய்து பார்க்கத்தக்க வகையில் எழுத முயன்றுள்ளேன்.

பரணில் கிடக்கும் பொறி

“எங்கள் வீட்டில் ஒரு கணிப்பொறி இருப்பதே அரிது, இரண்டுக்கு எங்கே போவது?” என்று சிலர் வினவலாம். ஆனால், 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் தென்காசி வட்டாரத்துச் சிற்றூர்களிலும் பல வீடுகளில் மடிக்கணினி புகுந்தது. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்தது ஒன்று, பின்னாளில் தம்பிக்குக் கடனில் வாங்கியது ஒன்று என இரண்டு உள்ள வீடுகள் நம் வகுப்பிலேயே உண்டு. பழையதன் மின்கலம் செத்திருக்கும். விசைகளில் இரண்டு உதிர்ந்திருக்கும். இன்றைய செயலிகளை இயக்கும் வேகம் இராது. ஆயினும் அதன் வன்தட்டு இயங்குமாயின், கோப்புகளை வாங்கி வைத்துக்கொள்ள அப்பொறி முற்றிலும் தகுதியுடையது. களத்துக்கு உதவாத பழைய பெட்டி விதைநெல் வைக்க உதவுவது போன்றது இது.

இணையத்தில் கோப்புகளை ஏற்றி வைக்கலாமே என்பது அடுத்த வினா. ஏற்றலாம், சிறிய கோப்புகளுக்கு அது நல்ல வழியே. பெரிய கோப்புகளுக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம்மிடம் 40 ஜிகாபைட் அளவு படங்களும் ஒலிப்பதிவுகளும் உள்ளன என்க. ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே 40 ஜிகாபைட் என்பது 3,20,000 மெகாபிட் ஆகும். நம் இணைப்பின் ஏற்று வேகம் வினாடிக்கு 4 மெகாபிட் என்று கொண்டால், 80,000 வினாடிகள், அதாவது 22 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இடையில் மின்சாரம் நிற்காமல் இருக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அளந்து தரும் அலைபேசித் திட்டமானால் பல நாட்கள் பிடிக்கும்.

ஈதர்நெட் கம்பி வழியே இதே கோப்புகளை அனுப்பினால் என்ன ஆகும்? பழைய பொறிகளில் உள்ள வாயில் வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுடையது. அதில் 3,200 வினாடிகள், அதாவது ஏறத்தாழ 53 நிமிடங்கள் ஆகும். இரு பொறிகளிலும் 1,000 மெகாபிட் வாயில் இருப்பின் 320 வினாடிகளே போதும். இவை ஏட்டுக் கணக்குகள். பழைய வன்தட்டு மெல்லச் சுழல்வதால் நடைமுறையில் கூடுதல் நேரம் ஆகும். ஆயினும் ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தைச் சுற்றி முடிந்துவிடுகிறது. இணையக் கட்டணம் ஒரு காசும் இல்லை.

வேண்டுவன

ஈதர்நெட் முறை 1973-இல் அமெரிக்காவில் சீராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பாரும் அவர்தம் குழுவினரும் வகுத்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் உலகெங்கும் அதுவே பயன்பட்டு வருகிறது. நமக்கு வேண்டிய பொருள்கள் வருமாறு:

ஒன்று, இரு முனையிலும் ‘ஆர்.ஜே. 45’ செருகி பொருத்திய இரண்டு அல்லது மூன்று மீட்டர் நீளக் கம்பி. கடையில் ‘லேன் கேபிள்’ என்று கேட்டாலே தருவர். கேட் 5ஈ, கேட் 6 என்னும் இரு வகைகளில் எதுவாயினும் நமக்குப் போதும். தொலைபேசிச் செருகியை விட இது சற்று அகலமானது. எட்டுச் செப்புப் பற்கள் உடையது.

இரண்டு, புதிய மடிக்கணினி மெல்லியதாக இருந்து அதில் இவ்வாயில் இல்லாவிடின், யு.எஸ்.பி. வாயிலில் செருகும் ஈதர்நெட் மாற்றி ஒன்று. இதற்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகும். இதனையும் தவிர்க்க விரும்புவோர் இரு பொறிகளையும் ஓர் அலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கோப்புறையைப் பகிரும் படி முதலாகக் கீழே சொல்லும் முறையைப் பின்பற்றலாம். வேகம் குறையும், வேலை நடக்கும்.

மூன்று, பொறுமை. இதனைக் கடையில் வாங்க இயலாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. இரு முனையிலும் ஒரே வகைச் செருகியுடைய சாதாரண யு.எஸ்.பி. கம்பியால் இரு கணிப்பொறிகளை நேரே இணைக்க முயலக் கூடாது. யு.எஸ்.பி. முறையில் ஒரு பக்கம் தலைமை, மறுபக்கம் ஏவலர் என்பது ஏற்பாடு. கணிப்பொறிகள் இரண்டும் தலைமை வகிப்பவை. இரண்டும் மின்சாரம் தருபவை. இரண்டையும் மோதவிட்டால் வாயில்கள் பழுதாகலாம்.

முற்காலத்தில் இரு கணிப்பொறிகளை நேரடியாக இணைக்க, உள்ளே செப்பு இழைகளை மாற்றிக் கோத்த ‘கிராஸ் கேபிள்’ வேண்டியிருந்தது. ஒருவர் பேசும் இழை மற்றவர் கேட்கும் இழையாக அமைய வேண்டும் அல்லவா? இரு பக்கமும் ஒரே இழையில் பேசினால் கேட்பார் இல்லை. 1,000 மெகாபிட் வாயில்கள் வந்தபின் இம்மாற்றத்தைப் பொறியே தானாகச் செய்து கொள்கிறது. இரண்டில் ஒரு பொறி இத்திறன் பெற்றிருந்தாலும் சாதாரணக் கம்பி போதும்.

முகவரி இடுதல்

கம்பியை இரு பக்கமும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும்வரை செருகுங்கள். வாயிலருகே சிறு விளக்கு எரிந்தால் உடல் இணைந்துவிட்டது எனலாம். இனி உயிர் இணைய வேண்டும்.

அஞ்சல்காரருக்குத் தெருவும் கதவிலக்கமும் தேவைப்படுவது போல் கணிப்பொறிகளுக்கும் முகவரி தேவை. வீட்டில் இணையப் பெட்டி இருந்தால் அதுவே முகவரிகளை வழங்கிவிடும். இங்கே இடையில் எவரும் இல்லாததால் நாமே எழுதித் தருவது நல்லது. பழைய பொறியின் ஈதர்நெட் அமைப்புகளுக்குச் சென்று, ஐ.பி. முகவரி என்ற இடத்தில் 192.168.10.1 என்றும், புதிய பொறியில் 192.168.10.2 என்றும் இடுங்கள். சப்நெட் மாஸ்க் என்ற இடத்தில் இரண்டிலும் 255.255.255.0 என்றே இட வேண்டும். கேட்வே என்ற இடத்தை வெறுமையாக விடுங்கள்.

இதன் பொருள் யாதெனில், முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர். இறுதி எண் கதவிலக்கம். மாஸ்க் என்பது முகவரியின் எந்தப் பகுதி தெரு, எந்தப் பகுதி கதவு என்று பிரித்துக் காட்டும் சட்டம். இரு பொறிகளும் ஒரே தெருவில் வெவ்வேறு கதவிலக்கத்தில் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ஒரே கதவிலக்கத்தை இரண்டுக்கும் இட்டுவிட்டு இணைப்பு வரவில்லை என்று அரைநாள் திண்டாடியவன் நான் என்பதால் இதனை வற்புறுத்திச் சொல்கிறேன். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் தனிப் பயனுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆதலால் இவற்றால் வெளியுலகில் எவருடனும் மோதல் நேராது. ஆனால், வீட்டு இணையப் பெட்டியும் இதே தெருப் பெயரைப் பயன்படுத்துமாயின், 10 என்பதற்குப் பதிலாக 77 போன்ற வேறோர் எண்ணை இரு பொறிகளிலும் இடுங்கள்.

இனி, புதிய பொறியின் கட்டளைத் திரையில் ‘பிங்’ என்னும் கட்டளையை எழுதி, ஓர் இடம் விட்டு, பழைய பொறியின் முகவரியை இடுங்கள். கட்டளைகள் யாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும். இது கதவைத் தட்டி “வீட்டில் யார்?” என்று கேட்பது போன்றது. விடை வந்தால் பாதி வெற்றி. வராவிடின் கம்பியைக் குறை சொல்லுமுன் விண்டோஸின் தீயரணைப் பாருங்கள். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் அறிமுகமற்ற பொது இடமாகக் கருதிக் கதவைத் தாழிட்டுக் கொள்ளும். தீயரண் அமைப்பில் ‘கோப்பு மற்றும் அச்சுப்பொறிப் பகிர்வு’ என்ற ஒன்றுக்கு மட்டும் இசைவு கொடுத்தால் போதும். தீயரணையே அணைத்துவிடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும்.

கோப்புறையைப் பகிர்தல்

பழைய பொறியில் ‘காப்பு’ என்ற பெயரில் கோப்புறை ஒன்றை உருவாக்குங்கள். அதன் பண்புகளில் ‘ஷேரிங்’ என்ற பகுதிக்குச் சென்று, குறித்த ஒரு பயனருக்குப் படிக்கவும் எழுதவும் இசைவு கொடுங்கள். அப்பயனருக்குக் கடவுச்சொல் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் இல்லாத கணக்கைப் பிணையம் வழியே உள்ளே விட விண்டோஸ் இயல்பாக மறுக்கும். பலர் இவ்விடத்தில்தான் காரணம் புரியாமல் கைவிடுகின்றனர்.

பிறகு புதிய பொறியின் கோப்பு உலாவியில் முகவரிப் பட்டையில் பின்சாய்கோடு இரண்டிட்டு 192.168.10.1 என்று எழுதி நுழைவு விசையை அழுத்துங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கொடுத்தால் ‘காப்பு’ என்னும் கோப்புறை கண்முன் தோன்றும். அடுத்த அறையில் இருக்கும் பொறியின் கதவு நம் திரையில் திறந்துவிட்டது.

பழைய பொறியில் விண்டோஸ் எக்ஸ்பி இருந்தால் புதிய பொறி அதனுடன் பேச மறுக்கும். எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்.எம்.பி. என்னும் பகிர்வு நெறியின் முதற்பதிப்பு மட்டுமே. 2017 மே மாதத்தில் உலகெங்கும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் பரவியது அம்முதற்பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதனை மீண்டும் திறந்து வைப்பது அறிவுடைமை அன்று. அத்தகைய பொறியில் இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவிக் கொள்வதே தக்கது. அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. நம்மில் பலர் அதனைத் திறந்தும் பார்க்கவில்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அப்பதிப்புள்ள பொறியை இணையத்தில் இணைக்காமல் காப்புப் பெட்டியாக மட்டும் வைத்துக் கொள்க.

படியும் நிழலும்

கோப்புகளை இழுத்துப் போட்டே படி எடுக்கலாம். முதல் முறைக்கு அது சரி. அடுத்த வாரம் 40 ஜிகாபைட்டையும் மீண்டும் அனுப்புவானேன்? மாறியவற்றையும் புதியவற்றையும் மட்டும் அனுப்பும் கருவிகள் உள்ளன. விண்டோஸில் ‘ரோபோகாப்பி’ என்ற கட்டளை உடன் வருகிறது. கட்டளைப் பெயர், மூலக் கோப்புறை, சேரும் கோப்புறை, அதன்பின் முன்சாய்கோட்டுடன் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து ஆகிய நான்கு உறுப்புகளே அதற்குப் போதும். இறுதியிலுள்ள எழுத்து, உட்கோப்புறைகள் அனைத்தையும் சேர்க்கச் சொல்லும் குறி. அளவும் நேரமும் மாறாத கோப்புகளை இக்கட்டளை தானே தாண்டிச் செல்லும். திறந்திருக்கும் கோப்பு ஏதேனும் குறுக்கிட்டால், 30 வினாடிக்கு ஒரு முறையாக 10 இலட்சம் முறை முயல்வது இதன் இயல்பு. ஆதலால் படி எடுக்குமுன் எல்லாக் கோப்புகளையும் மூடிவிடுங்கள்.

லினக்ஸில் இதே பணியை ‘ஆர்சிங்க்’ செய்கிறது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் ஆகிய இருவரும் 1996-இல் வெளியிட்டது இது. பெரிய கோப்பில் ஒரு பகுதி மட்டும் மாறியிருந்தால், கோப்பைத் துண்டுகளாக்கி ஒப்பிட்டு, மாறிய துண்டை மட்டும் பிணையம் வழியே அனுப்பும் திறன் இதற்கு உண்டு.

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள இயலும் என்றால் அடுத்து வருவதைக் கொள்ளுங்கள். படி வேறு, நிழல் வேறு. இக்கருவிகளில் ‘மிரர்’ என்னும் வசதி உண்டு. மூலத்தில் உள்ளது போலவே சேருமிடத்தையும் ஆக்குவது அதன் பணி. மூலத்தில் ஒரு கோப்பை நாம் தவறுதலாக அழித்திருந்தால், அது படியிலும் அழித்துவிடும். நாம் கை தூக்கினால் நிழலும் கை தூக்கும். நாம் விழுந்தால் நிழலும் விழும். விழுந்தவரை நிழல் தூக்கிவிடுவதில்லை. ஆகவே மிரர் வசதியைப் பயன்படுத்தாதீர்கள். மாதம் ஒரு கோப்புறை என நாளிட்டுத் தனித்தனியே வையுங்கள். இடம் நிறைந்தபின் மிகப் பழையதை நீக்கலாம். ஆனி மாதத்தில் கெட்டுப்போன கோப்பை ஆடியில் கண்டறிந்தால் வைகாசிப் படி கைகொடுக்கும்.

பணி முடிந்ததும் கம்பியைக் கழற்றி விடுங்கள். இதற்குக் காரணம் இரண்டு. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல் ஒரு பொறியில் நுழைந்தால், திறந்திருக்கும் பகிர்வு வழியே மறு பொறியையும் தாக்கும். மற்றொன்று நம் ஊருக்கே உரியது. ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பக்கம் இடி இறங்கும் மாலை வேளைகளில், மின்கம்பி வழியே வரும் அதிர்ச்சி ஒரு பொறியிலிருந்து இக்கம்பி வழியே மற்றதற்கும் தாவக் கூடும். இணைந்திருக்கும்போது இரண்டும் ஒரே உயிர். பிரிந்திருக்கும்போதுதான் இரண்டு உயிர்.

ஒப்புநோக்கல்

ஏடு பெயர்த்து எழுதியபின் ஒருவர் மூலத்தை வாசிக்க, மற்றவர் படியைப் பார்த்துத் திருத்துவது சுவடி மரபு. ஒப்புநோக்காத படியைப் புலவர்கள் நம்பியதில்லை. நாமும் நம்பலாகாது. மாதம் ஒரு முறையேனும் காப்புக் கோப்புறையிலிருந்து நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஒலிப்பதிவானால் இறுதிவரை ஒலிக்கிறதா என்று கேளுங்கள்.

இதனைச் செய்யாததால் வந்த இடரைத் திரையுலகிலிருந்து காட்டலாம். 1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையால் அழியத் தொடங்கின. அங்கே காப்புப் படி எடுக்கும் ஏற்பாடு இல்லாமல் இல்லை. அது சில காலமாகச் சரிவர இயங்கவில்லை என்பது தேவைப்பட்ட அன்றுதான் தெரிய வந்தது. அப்போது கைக்குழந்தையுடன் வீட்டிலிருந்து பணியாற்றி வந்த கேலின் சூஸ்மன் என்னும் அம்மையாரின் வீட்டுக் கணிப்பொறியில் படத்தின் படி ஒன்று இருந்தது. அதனைக் கொண்டே இழந்தவற்றுள் பெரும்பகுதியை மீட்டனர். பெரும் நிறுவனத்தைக் காத்தது வீட்டில் இருந்த இரண்டாவது பொறி!

மூன்றாம் படி

இரு பொறிகளும் ஒரே வீட்டில் இருப்பின் ஒரே வெள்ளம், ஒரே தீ, ஒரே திருடன் இரண்டையும் கொண்டு போகலாம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வீட்டுக்குள் புகுந்த நீர் அலமாரியில் இருப்பது மூலமா, படியா என்று கேட்டுப் புகவில்லை.

இதனினும் கொடிய சான்று யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி இடப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும், கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. அச்சிட்ட நூல்களுள் பல வேறு ஊர்களில் இருந்தமையால் அவற்றை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. அங்கு மட்டுமே இருந்த சுவடிகள் திரும்பவில்லை. 2005-இல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் தொகுக்கத் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம், ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தை உணர்ந்தோர் செய்த தொண்டாகும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் என்பவர் பரப்பிய 3-2-1 விதி இதனையே சுருங்கச் சொல்கிறது: மொத்தம் மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இரண்டு படிகளைக் கம்பி தந்துவிட்டது. மூன்றாவதற்குக் கம்பி உதவாது. செப்பு ஈதர்நெட் கம்பியின் எல்லை 100 மீட்டர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே சுமார் ஐந்து கிலோமீட்டர். ஆகவே 40 ஜிகாபைட்டையும் ஒரு புற வன்தட்டிலோ பேனா நினைவகத்திலோ ஏற்றி, நகரப் பேருந்தில் சென்று குற்றாலத்து மாமா வீட்டில் கொடுத்து வாருங்கள். பேருந்து 20 நிமிடம் எடுத்துக்கொண்டால் இது வினாடிக்கு 266 மெகாபிட்டுக்கும் மேலான வேகம் ஆகும்! சாரல் காலத்தில் காற்றே நனைந்திருக்கும் ஊர் அது. ஆதலால் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். மாமாவின் கோப்புகளுக்கு உங்கள் வீட்டில் ஓர் இடம் கொடுங்கள். இரு வீட்டுக்கும் காப்பு அமைந்துவிடும். போக்குவரத்தும் அற்றுப் போகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். ஒரே படியாக இருப்பது பாதி இழந்தது போன்றது. வீட்டில் ஒதுங்கிக் கிடக்கும் பொறியையும் ஒரு கம்பியையும் கொண்டு இரண்டாம் படியை ஒரு மாலைப் பொழுதில் எடுத்துவிடலாம். அது நிழலாக இன்றிப் படியாக இருத்தல் வேண்டும், ஒப்புநோக்கப்பட வேண்டும், எடுத்தபின் பிரித்து வைக்கப்பட வேண்டும், மூன்றாவது ஒன்று வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும்.

நம் கல்லூரியில் பயிலும் பலருடைய மடிக்கணினிகளில் உள்ளவை வெறும் பாடக் குறிப்புகள் அல்ல. களப்பணிப் பதிவுகள் உள்ளன. ஊர்த் திருவிழாவின் படங்கள் உள்ளன. இனிக் கேட்க முடியாத குரல்கள் உள்ளன. துறைதோறும் ஒரு பழைய கணிப்பொறியைக் காப்புப் பெட்டியாக ஒதுக்கி, ஆய்வேடு எழுதும் மாணவர் தம் கோப்புகளை வாரந்தோறும் அதில் படி எடுத்து வைக்க ஆசிரியப் பெருமக்கள் வழிவகுத்தால் பெரும்பயன் விளையும். கம்பி பிடித்து இணைத்துத் தர எங்கள் துறை மாணவர் ஆயத்தமாக உள்ளோம்.

தோழியாரின் ஆச்சி பாடிய தாலாட்டில் எஞ்சிய அந்த இரண்டு நிமிடம் இன்று மூன்று இடங்களில் இருக்கிறது. மற்றவையும் அவ்வாறே இருந்திருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் பரணில் ஏறிப் பாருங்கள்.